பந்தும் முள்வேலியும்

விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்னும் கூற்று நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. ஒரு நாட்டு மக்கள் அனைவரும் அக்கூற்றைத் தம் தெருக்களிலேயே சோதித்துப் பார்க்க நேர்ந்த காலம் ஒன்று உண்டு. 1981ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் செப்டம்பர்த் திங்கள் வரை, தென்னாப்பிரிக்க ரக்பி அணி நியூசிலாந்தில் சுற்றுப்பயணம் செய்த 56 நாட்களே அக்காலம்.

தமிழ் வாசகர் பலர்க்கு ரக்பி அதிகம் பழகாத ஆட்டம். பக்கத்துக்கு 15 பேர் நின்று, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியும் காலால் உதைத்தும் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்க முயல்வது அது. நியூசிலாந்தில் அது ஆட்டம் என்பதற்கும் மேலானது; ஊரைக் கூட்டும் திருவிழாவுக்கு நிகரானது. கறுப்புச் சீருடையால் 'ஆல் பிளாக்ஸ்' எனப் பெயர் பெற்ற அந்நாட்டு அணிக்கும், மானின் பெயரால் 'ஸ்பிரிங்பாக்' என வழங்கப்படும் தென்னாப்பிரிக்க அணிக்கும் இடையே முதல் டெஸ்ட் தொடர் 1921இல் நடந்தது. இரு அணிகளும் ஒவ்வொன்று வெல்ல, மூன்றாம் ஆட்டம் ஒரு புள்ளியும் இன்றி முடிந்தது. அன்று தொடங்கிய போட்டி உணர்வு தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது.

அவ்வுறவில் ஒரு கறையும் தொடக்கம் முதலே படிந்திருந்தது. தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லும் அணியில் நியூசிலாந்தின் தொல்குடியினரான மாவோரியர்க்கு இடமில்லை. 1928இல் புகழ்பெற்ற ஆட்டக்காரரான ஜார்ஜ் நெப்பியாவே விடப்பட்டார். 1960இல் 'மாவோரியர் இல்லையேல் பயணமும் இல்லை' என்ற முழக்கம் எழுந்தபோதும், வெள்ளையர் மட்டுமே கொண்ட அணி பயணம் புறப்பட்டது. 1970இல் மாவோரியர் சென்றனர்; ஆனால் 'மதிப்புறு வெள்ளையர்' என்னும் தகுதியின் பெயரால் சென்றனர். மரியாதை போலத் தோன்றிய அச்சொல் இழிவை மறைக்கும் போர்வையே எனலாம்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறிச் சட்டங்கள் கறுப்பின மக்களை மட்டும் ஒடுக்கவில்லை. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைக்க 1860 முதல் கொண்டு செல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட இந்தியரின் வழித்தோன்றல்களும் வசிப்பிடம், பள்ளி, ஆடுகளம் என அனைத்திலும் பிரித்து வைக்கப்பட்டனர். இயல்பு திரிந்த சமுதாயத்தில் இயல்பான விளையாட்டு இருத்தல் இயலாது என்பதே அங்குப் போராடிய விளையாட்டு அமைப்பினரின் நிலைப்பாடு.

1973இல் பிரதமர் நார்மன் கிர்க் தென்னாப்பிரிக்க அணியின் வருகையைத் தடுத்தார். அவர்க்குப்பின் 1975இல் ஆட்சிக்கு வந்த ராபர்ட் மல்தூன், விளையாட்டில் அரசு தலையிடாது என்றார். 1976 சூனில் சொவெட்டோவில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட சில நாட்களிலேயே ஆல் பிளாக்ஸ் அணி தென்னாப்பிரிக்கா சென்றது. விளைவாக, மொன்றியல் ஒலிம்பிக் போட்டிகளை இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் புறக்கணித்தன. நிறவெறி நாட்டுடன் விளையாட்டுத் தொடர்பு கூடாதெனக் காமன்வெல்த் நாடுகள் 1977இல் கிளெனீகிள்ஸ் உடன்பாடு கண்டன. மல்தூனும் அதை ஏற்றவரே. எனினும், முடிவெடுக்க வேண்டியது ரக்பிச் சங்கமே என்று கூறி அவர் ஒதுங்கிக்கொள்ள, சங்கம் தன் அழைப்பில் உறுதியாய் நின்றது.

1981 சூலை 22இல் கிஸ்போர்ன் நகரில் முதல் ஆட்டம் நடந்தது. மூன்று நாள் கழித்து ஹாமில்டனில் நிகழ்ந்ததே திருப்புமுனை. வேலியைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே புகுந்த சில நூறு போராட்டக்காரர்கள் மைதானத்தின் நடுவே கைகோத்து நின்றனர். போதாக்குறைக்கு, ஒருவர் சிறு விமானமொன்றை எடுத்துக்கொண்டு மைதானம் நோக்கி வருகிறார் என்ற செய்தியும் எட்டியது. காவல்துறை ஆட்டத்தைக் கைவிடச் செய்தது. ஏமாற்றமுற்ற பார்வையாளர்கள் புட்டிகளை வீசினர். வெளியேறிய போராட்டக்காரர் பலர் தாக்கப்பட்டனர். அப்போது ராபன் தீவுச் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலா, அச்செய்தி தம்மை எட்டியபோது கதிரவன் வெளிப்பட்டது போலிருந்தது எனப் பின்னாளில் நியூசிலாந்தில் கூறியதாகப் பதிவுகள் உள.

அதன்பின் அரசின் கை இறுகியது. சூலை 29இல் வெலிங்டன் நகரின் மோல்ஸ்வொர்த் தெருவில் ஊர்வலம் சென்றோர் மீது தடியடி நடந்தது. மைதானங்களைச் சுற்றி முள்வேலிகள் எழுந்தன. போராடுவோர் தலைக்கவசம் அணிந்து வந்தனர். 200க்கும் மேற்பட்ட ஆர்ப்பாட்டங்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஏறத்தாழ 1,500 பேர் மீது வழக்குப் பதிவாயிற்று. ஒரே வீட்டில் தந்தை ஆட்டம் காணவும் மகள் அதனைத் தடுக்கவும் செல்லும் நிலை உண்டாயிற்று.

ஆட்டத்தை விரும்பியோர் அனைவரும் நிறவெறியை ஆதரித்தோர் என்று கொள்வது நேர்மையாகாது. ஓய்வுநாள் ஆட்டமொன்றே ஊரின் ஒற்றுமைக்கு அடையாளம் எனக் கருதிய சிற்றூர் மக்கள் அவர்களுள் பலர். ஆட்டக்காரருள்ளும் மனச்சான்று பேசிற்று. ஆல் பிளாக்ஸ் தலைவர் கிரகாம் மூரி, தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஆட மறுத்து விலகி நின்றார். வந்த அணியிலோ எரல் தோபியாஸ் என்னும் வெள்ளையரல்லாத வீரர் ஒருவர் இருந்தார். அவரது திறமை மெய். ஆயினும் அவர் ஒருவரைக் கொண்டு ஓர் ஆட்சிமுறையை நியாயப்படுத்த இயலவில்லை.

டெஸ்ட் போட்டிகள் மூன்று. ஆகஸ்டு 15இல் கிறைஸ்ட்சர்ச்சில் நியூசிலாந்து 14-9 என வென்றது. ஆகஸ்டு 29இல் வெலிங்டனில் தென்னாப்பிரிக்கா 24-12 என வென்றது. செப்டம்பர் 12இல் ஆக்லாந்து ஈடன் பார்க்கில் இறுதி ஆட்டம். சிறு விமானமொன்று மீண்டும் மீண்டும் தாழப் பறந்து மாவுப் பொட்டலங்களை வீசியது. ஒன்று கேரி நைட் என்னும் வீரரைச் சாய்த்தது. அந்நிலையிலும் ஆட்டம் நிற்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் ரே மோர்ட் மூன்று முறை எல்லைக்கோட்டைக் கடந்து 22-22 எனச் சமன்செய்தார். கூடுதல் நேரத்தில் ஆலன் ஹியூசன் உதைத்த தண்ட உதை 25-22 என வெற்றியைத் தந்தது. ரக்பி வரலாற்றின் உணர்ச்சிமிக்க ஆட்டங்களுள் ஒன்றாகியிருக்க வேண்டிய அது, வானிலிருந்து விழுந்த மாவுக்காகவே நினைக்கப்படுகின்றது.

போராட்டத்தின் விளைவு தொலைநாட்டோடு நின்றுவிடவில்லை. கடல்கடந்த இனவெறியைக் கண்டிக்கும் வெள்ளையர், தம் மண்ணில் மாவோரியர் இழந்த நிலத்தைப் பற்றி என்ன சொல்கின்றனர் என மாவோரியச் செயலாளர்கள் வினவினர். அவ்வினாவுக்கு விடை கூறாமல் தப்ப முடியவில்லை. 1840இன் வைத்தாங்கி உடன்படிக்கைக் காலம்வரை பின்சென்று நில முறையீடுகளை ஆராயும் அதிகாரம் 1985இல் தீர்ப்பாயம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. 1987இல் மாவோரி மொழி ஆட்சிமொழித் தகுதி பெற்றது. இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் 1981 எழுப்பிய கேள்வியும் அவற்றுள் ஒன்று.

1985இல் மீண்டும் தென்னாப்பிரிக்கா செல்ல முனைந்த அணியை நீதிமன்றத் தடையாணை நிறுத்தியது. 1986இல் சங்கத்தின் ஒப்புதலின்றிச் சென்ற வீரர்களைத் தவிர, நிறவெறிச் சட்டங்கள் வீழும்வரை ஆல் பிளாக்ஸ் அங்குச் செல்லவில்லை. 1992இல் சோகன்னஸ்பர்க்கில் இரு அணிகளும் மீண்டும் சந்தித்தன. 1995 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கா 15-12 என நியூசிலாந்தை வென்றபோது, ஸ்பிரிங்பாக் சட்டை அணிந்து கோப்பையை வழங்கியவர் குடியரசுத் தலைவர் மண்டேலா.

2-1 என்னும் கணக்கு ஏடுகளில் உள்ளது. தம் மக்களுக்கு மிகவும் பிடித்தமான ஒன்றையே பிறர் துயருக்காக விட்டுக்கொடுக்க முன்வந்தோரின் கணக்கு எந்த ஆட்டப் பட்டியலிலும் இல்லை. அப்பயணத்தை வரலாறு ஆக்கியவர்கள் அவர்களே.