பெயரைக் காக்கும் எழுத்து

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் தெம்பனிஸ் நேயர் ஒருவர் ஆற்றிய உரை)

இறந்தவர் பெயர் நிலைக்க என்ன வழி? எகிப்திய அரச எழுத்தர் ஒருவர் கண்ட வழியிலிருந்து தொடங்குகிறேன்.

லக்சர் நகருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்குக் கரைக் குன்றுகளில் நூற்றுக்கணக்கான கல்லறைகள் குடையப்பட்டுள்ளன. அவற்றில் 56ஆம் எண் கல்லறை உசெர்ஹத் என்பவருடையது. சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன், இரண்டாம் அமென்ஹோதெப் மன்னரின் காலத்தில் அரச எழுத்தராக இருந்தவர். ரொட்டிக் கணக்கும் அவர் பொறுப்பு.

உடலை வைப்பது நிலத்தடி அறையில். அதற்கு மேலே இருப்பது வழிபாட்டுக் கூடம். உறவினர் படையலோடு வந்து போகும் இடம் அது. சுவர்களில் வண்ண ஓவியங்கள். ஒன்றில் உசெர்ஹத் தேரேறி வேட்டையாடுகிறார். இன்னொன்றில், முடிவெட்டிக்கொள்ள வந்த வீரர்கள் மரநிழலில் காத்திருக்கிறார்கள். கூடவே அவர் பெயரும் பதவியும் எழுதப்பட்டுள்ளன. பெயர் சொல்லப்படும்வரை இறந்தவருக்கு வாழ்வுண்டு என்பது எகிப்தியர் நம்பிக்கை.

நம்மிடமும் இத்தகைய நினைவிடம் உண்டு. சோழர் அதைப் பள்ளிப்படை என்றனர். வேலூர் மாவட்டம் மேல்பாடியில், தம் பாட்டன் அரிஞ்சயனுக்காக முதலாம் இராஜராஜன் சிவன் கோயில் எழுப்பி, அதற்கு அரிஞ்சிகை ஈஸ்வரம் என்று பெயரிட்டான். 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' என்று அரிஞ்சயனைக் குறிக்கிறது கல்வெட்டு. இறந்தார் என்று சொல்லாமல் உறங்கினார் என்று சொன்ன தமிழ் அது!

இன்று அக்கோயிலை மக்கள் அழைப்பது சோழீஸ்வரம் என்று. பாட்டன் பெயர் வாய்வழக்கில் மறைந்தது; கல்லில் நிற்கிறது. அதைக் காத்தது எழுத்துதான்.

ஆனால் எழுத்து மட்டும் போதுமா? எகிப்திய சித்திர எழுத்தில் தேதியுடன் கிடைத்துள்ள கடைசிக் கல்வெட்டு கி.பி. 394ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிறகு அதைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போயினர். 1822ல் பிரான்சின் ஷம்போலியன் அதன் புதிரை அவிழ்த்தார். இடைப்பட்ட 1,400 ஆண்டுகளும் உசெர்ஹத்தின் பெயர் சுவரிலேயே இருந்தது. படிக்கத்தான் ஆளில்லை.

திதி கொடுக்கும்போது தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்கிறோம். நான்காவது பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கப்பலேறி சிங்கப்பூர் வந்த பெரியவர்கள் ஊருக்கு எழுதியதும், ஊரிலிருந்து அவர்களுக்கு வந்ததும் தமிழ்க் கடிதங்கள். அவை இன்னும் சில வீடுகளில் பெட்டிக்குள் இருக்கின்றன. பேரப்பிள்ளைகளால் அவற்றைப் படிக்க முடியாவிட்டால், அவையும் ஆளில்லாத கல்லறைச் சுவர்தான்.

இந்த வார இறுதியில் பிள்ளைகளோடு உட்காருங்கள். குடும்பப் பெயர்களைத் தமிழில் அவர்களே எழுதட்டும். பிறகு அவர்களே உரக்கப் படிக்கட்டும்.