குருதி உறையும் கணக்கு

அரிவாள்மணையில் விரல் பட்டுவிட்டால் சிறிது நேரம் அழுத்திப் பிடிக்கிறோம், குருதி நின்றுவிடுகிறது. நிற்கும் என்னும் நம்பிக்கையில்தான் மருத்துவனும் கத்தியை எடுக்கிறான். அந்நம்பிக்கை பொய்த்துப்போன மனிதர்களைப் பற்றி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஸ்பெயினில் ஒரு குறிப்பு எழுதப்பட்டது.

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. ஏறக்குறைய கி.பி. 1000-இல் முப்பது பகுதிகள் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் மருத்துவப் பெருநூலை அவர் நிறைவு செய்தார். ஒரு சிற்றூரின் ஆண்கள் காயம் பட்டால் குருதி நில்லாமல் மாண்டுபோவதை அதில் பதிவு செய்திருக்கிறார். இன்று ஹீமோபிலியா எனப்படும் பரம்பரை நோய் அதுவே என்பது வரலாற்றாசிரியர் கருத்து. நோயைக் கண்டவர் அவர். அதை அளக்கும் கோல் பிறக்கவோ இன்னும் ஒன்பது நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன.

1913-இல் அமெரிக்க மருத்துவர்களான லீயும் ஒயிட்டும் ஓர் எளிய முறையை வகுத்தனர். நாளத்திலிருந்து எடுத்த குருதியைக் கண்ணாடிக் குழாயிலிட்டு, அவ்வப்போது சாய்த்துப் பார்த்து, உறைவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறதென்று கணக்கிடுவதே அம்முறை. ஆனால், குறைபாடு கடுமையாக இருந்தாலன்றி இச்சோதனை அதைக் காட்டிக் கொடுக்காது.

1935-இல் ஆர்மண்ட் குவிக் இன்னொரு வழி கண்டார். குருதியிலுள்ள சுண்ணாம்புச் சத்தைச் செயலிழக்கச் செய்து, உறையாமல் நிறுத்தி, தெளிந்த நீரை மட்டும் பிரித்தெடுத்தார். அதனுடன் முயலின் மூளைச்சாற்றையும் மீண்டும் சுண்ணாம்புச் சத்தையும் சேர்த்து, உறையும் நேரத்தை வினாடிகளில் அளந்தார். ‘புரோத்ராம்பின் நேரம்’ எனப்படுவது இதுதான். நலமுள்ளவருக்கு இது ஏறத்தாழ 12 வினாடி.

இச்சோதனையின் அருமையை உணர்த்தியது ஒரு மருந்து. கெட்டுப்போன தீவனப்புல்லைத் தின்ற கால்நடைகள் குருதி வடிந்து இறந்ததன் காரணத்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் ஆராய்ந்தார். 1939-இல் அவருடைய குழு அந்த நச்சுப் பொருளைப் பிரித்தெடுத்தது. அவ்வழியில் பிறந்த வார்ஃபரின், 1948-இல் எலி மருந்தாக வந்து, 1954-இல் மனிதருக்கும் மருந்தாயிற்று. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டோருக்கு அது இன்றும் உயிர்க்காப்பு. அளவு குறைந்தால் குருதி கட்டியாகி மூளைக்குச் செல்லும் நாளத்தை அடைக்கும். மிகுந்தால் உள்ளேயே கசியும். இவ்விரு ஆபத்துகளுக்கும் இடையே வழிகாட்டுவது சோதனைச் சீட்டிலுள்ள ஓர் எண்ணே.

அந்த எண்ணிலும் ஒரு சிக்கல் இருந்தது. மூளைச்சாறு தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபட்டதால், ஒரே குருதிக்கு ஓர் ஆய்வகம் ஒரு விடையும் மற்றோர் ஆய்வகம் வேறொரு விடையும் தந்தன. படிக்கல் கடைக்குக் கடை மாறினால் வாங்குபவனுக்குப் பொருள் நட்டம். இங்கோ நட்டம் உயிர். ஒவ்வொரு சாற்றின் வீரியத்தையும் பொது அளவுகோலுடன் ஒப்பிட்டுத் திருத்தும் கணக்கை உலக சுகாதார நிறுவனம் 1983-இல் ஏற்றது. ஐ.என்.ஆர். என்று மருத்துவர் குறிப்பது இதையே. மருந்துண்ணாத நலமுள்ளவருக்கு இது ஏறத்தாழ 1. வார்ஃபரின் உண்போர் பலருக்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும்.

2010-க்குப் பின் வந்த சில புதிய மருந்துகளுக்கு இந்த இடையறாச் சோதனை தேவையில்லை. எனினும், உலோக வால்வு தாங்கியவர்களுக்கு அவை ஏற்றவையல்ல. அத்தகையோர் உள்ள வீட்டில் பழைய சோதனைச் சீட்டுகளை வரிசையாகப் பாதுகாத்து வைப்பது நன்று. ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் மாறாத மொழியில் அவை பேசும்.