சொல் இல்லாமல் சொன்ன கதை



போன கிழமை வகுப்பில் ஓர் இசையைப் போட்டுக் காட்டினோம். பாட்டு இல்லை, வாத்தியம் மட்டும். "சேர், இதில கதை எங்க இருக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி.

அந்த இசையின் பெயர் ஷெஹ்ரசாத். 1888 இல் ரஷ்யரான ரிம்ஸ்கி-கோர்சக்கோவ் எழுதியது. அவர் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். கதை, நாங்கள் சின்ன வயதில் கேட்ட ஆயிரத்தொரு இரவுகள்தான். மணமுடித்த பெண்ணை மறுநாளே கொல்லும் சுல்தானுக்கு இரவிரவாகக் கதை சொல்லி உயிர் தப்புகிறாள் ஷெஹ்ரசாத். அந்தக் கதைகளில் சிந்துபாத் ஆறாவது பயணத்தில் வந்து சேரும் சரந்தீப், எங்கள் இலங்கை.

பிரான்சின் பேர்லியோஸ் 1830 இல் தன் சிம்பொனியின் கதையைத் தாளில் அச்சடித்தே சபைக்குக் கொடுத்தார். ரிம்ஸ்கி-கோர்சக்கோவ் இதற்கு மறுவளம். நான்கு பகுதிகளுக்கும் வைத்த தலைப்புகளைக்கூடப் பிறகு எடுத்துவிட்டார். கேட்பவர் தன் கற்பனையோடு போகட்டும் என்று விட்டார்.

அப்படியென்றால் எப்படி விளங்குவது? தொடக்கத்தில் பித்தளைக் குழல்கள் கனத்த குரலில் அதட்டும். அதைச் சுல்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். பிறகு ஒற்றை வயலின் மெல்லப் பேசும். அது ஷெஹ்ரசாத். முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வரவு தொடங்கும்போதே ஆர் வருகிறார் என்று தெரிந்துவிடும்.

மெட்டு திரும்ப வரும்போது அதன் முகம் மாறியிருக்கும். அந்த மாற்றத்தில்தான் கதை இருக்கிறது. கடைசிப் பகுதியில் கடல் பொங்கிக் கப்பல் பாறையில் உடைகிறது. அதன் பிறகு சுல்தானின் அதே மெட்டு தணிந்து, மெதுவாக வரும். வயலின் உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்க, எல்லாம் அடங்கும். அதட்டின குரல் கேட்கப் பழகிவிட்டது.

பிள்ளைக்கு இதைச் சொல்லும்போது எங்களுக்கு எங்கள் ஊர்தான் நினைவில் வந்தது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களிடமும் சொல்லாத கதை இருக்கிறது. 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை போய் மீண்ட குடும்பங்களிடமும் இருக்கிறது. ஒரே கடையில் தேத்தண்ணி குடிக்கிறோம். ஒருவர் கதையை மற்றவர் இருந்து கேட்டது குறைவு.

ஷெஹ்ரசாத் தப்பியது, சுல்தான் விடியும்வரை இருந்து கேட்டபடியால்.

முழுவதும் ஏறக்குறைய முக்கால் மணித்தியாலம். பிள்ளைகளோடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு என்ன கதை கேட்டது என்று கீழே எழுதுங்கள். நாங்கள் வாசிப்போம்.