நடுநிலை ஈரானும் நம்மட கடலும்

இரண்டாம் உலகப் போர் என்றால் நம்மட பிள்ளைகள் ஹிட்லரையும் ஜப்பானையும்தான் சொல்வார்கள். ஈரானைச் சொல்வதில்லை.

ஈரான் அந்தப் போரில் நடுநிலை நாடு. ஆனாலும் 1941 ஆகஸ்ட் 25 அதிகாலை தெற்கால் பிரித்தானியாவும் வடக்கால் சோவியத் படையும் உள்ளே நுழைந்தன. ஜேர்மனியரை வெளியேற்றவில்லை என்பது சொன்ன காரணம். அபாதான் எண்ணெயும், ரஷ்யாவுக்கு ஆயுதம் அனுப்ப ரயில் பாதையும்தான் உண்மைத் தேவை. பிரித்தானியாவுக்காகப் போனவர்களில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். செப்டம்பர் 16இல் ரேசா ஷா முடிதுறந்தார், மொரிஷியசுக்குக் கொண்டுபோனார்கள்.

போர் முடிந்து ஆறு மாதத்தில் வெளியேறுவோம் என்று 1942 ஜனவரியில் ஒப்பந்தம் எழுதினார்கள். அந்த டிசம்பரிலேயே தெஹ்ரான் மக்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள்.

நமக்கு என்ன தொடர்பு? அதே பிரித்தானியக் கடற்படைக்காகத்தான் திருகோணமலையில் எண்ணெய்க் குதங்கள் கட்டப்பட்டன. 1942 ஏப்ரல் 9இல் அங்கே ஜப்பானின் குண்டு விழுந்தது. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் கப்பல் மூழ்கியது. முந்தைய ஆண்டு பாரசீக வளைகுடாவில் நின்ற கப்பல் அது.

இலங்கை அடிமை நாடு, நம்மிடம் யாரும் கேட்கவில்லை. ஈரான் சுதந்திர நாடு, அவர்களிடமும் கேட்கவில்லை. எண்ணெயும் துறைமுகமும் இருக்கும் இடத்தில் நடுநிலை என்ற சொல் மட்டும் காவலாகாது. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக் கொடுங்கள்.