சுவாசப்பை வழியே ஒரு பாதை

எமது மேடைகளிலும் சஞ்சிகைகளிலும் இப்னு நபீஸின் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. குருதிச் சுற்றோட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஹார்வி அல்ல, இப்னு நபீஸே என்பார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து சுவாசப்பைக்கும், அங்கிருந்து இடப்பக்கத்துக்கும் குருதி செல்லும் பாதையையே அவர் கண்டார். உடல் முழுவதும் அது சுற்றிவருவதை நிறுவியது வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூல்தான். ஆயினும் இப்னு நபீஸ் கண்ட அந்தச் சிறு பாதைக்காக அவர் யாரை மறுத்தார் என்பதைப் பார்க்க வேண்டும்.

அரபு வைத்தியர்கள் ஜாலினூஸ் என்றழைத்த கிரேக்க வைத்தியர் கலன், இதயவறைகளுக்கு இடையிலான சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன, அவற்றினூடாகவே குருதி இடப்பக்கம் கசிகிறது என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதுவே வேதவாக்கு. இப்னு சீனாவும் அந்த மரபிலேயே நின்றார்.

டமஸ்கஸில் வைத்தியம் பயின்று கெய்ரோவில் வாழ்ந்த இப்னு நபீஸ், இப்னு சீனாவின் ‘அல்கானூன்’ நூலின் உடலமைப்புப் பகுதிகளுக்கு 1242 அளவில் ஓர் உரை எழுதினார். அந்தச் சுவர் தடித்தது, அதில் தெரியும் துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை என்றார் அதில். அப்படியானால் குருதிக்கு வழி? சுவாசப்பைதான். அதனுள் காற்றுக்குழாயின் கிளைகள், குருதி வரும் குழாயின் கிளைகள், குருதி திரும்பும் குழாயின் கிளைகள் மூன்றும் பரந்திருக்கின்றன. இடையை மென்மையான, நுண்துளைகள் கொண்ட தசை நிரப்புகிறது. அங்கே குருதி காற்றோடு கலந்து, திரும்பும் குழாயினுள் புகுந்து, இதயத்தின் இடப்பக்கத்தை அடைகிறது.

பிணத்தை அறுப்பதிலிருந்து மார்க்கச் சட்டமும் தம் இரக்க சுபாவமும் தம்மைத் தடுத்தன என்று அவரே முன்னுரையில் சொல்கிறார். அதே நூலில், பழையவர்களின் கூற்றை உடற்கூறாய்வு பொய்யாக்குகிறது என்றும் வாதிடுகிறார்! மிருகத்தின் இதயத்தையாவது அறுத்துப் பார்த்திருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.

காற்றில் எது குருதியைச் சேர்கிறது என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. ஒட்சிசன் இனங்காணப்பட்டது 1770களில். காற்றும் குருதியும் சேர்ந்து உயிராவி உண்டாகிறது என்ற பழைய எண்ணத்தை அவர் விடவுமில்லை. ஆனால் இரு குழாய்களுக்குமிடையில் நுண்ணிய வழிகள் இருந்தாக வேண்டும் என்று ஊகித்தார். 1661இல் இத்தாலியரான மல்பீகி நுணுக்குக்காட்டியில் தவளையின் சுவாசப்பையைப் பார்த்தபோது, அந்த மயிர்க்குழாய்கள் கண்ணில் பட்டன.

ஐரோப்பாவில் இதே பாதையை செர்வேட்டஸ் 1553இலும் கொலம்போ 1559இலும் எழுதினர். இப்னு நபீஸின் கருத்து அவர்களை எட்டியதா என்பதில் ஆய்வாளர் ஒன்றுபடவில்லை. எம்மவரோ 1288இல் அவர் மௌத்தான பின், அந்த உரையை ஏறத்தாழ மறந்தே போனார்கள். முஹ்யித்தீன் அத்தத்தாவி என்ற எகிப்திய வைத்தியர் பெர்லின் நூலகத்தின் அரபுக் கையெழுத்துப் பிரதியொன்றில் அந்தப் பகுதியைக் கண்டெடுத்து, 1924இல் ஜெர்மனியின் ஃப்ரைபேர்க் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். அதை உலகறியச் செய்தவர் கெய்ரோவில் தொழில் பார்த்த ஜெர்மன் கண் வைத்தியர் மக்ஸ் மயர்ஹோஃப்.