படகின் பின்பலகையும் வெளியிணைப்பு இயந்திரமும்

சிறு படகின் பின்புறத்தை அடைத்து நிற்கும் குறுக்குப் பலகையை எவரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆயினும் கடந்த நூறாண்டுகளில் படகின் வேறெந்த உறுப்பும் அதனைப் போலத் துன்புற்றதில்லை எனலாம். அத்துன்பத்துக்குக் காரணம் வெளியிணைப்பு இயந்திரமாகும்.

பாரிஸ் நகரத்துக் குஸ்தாவ் துருவே என்பவர் 1881ஆம் ஆண்டிலே சேன் நதியில் ஒரு சிறு படகை மின்சார மோட்டாரினால் ஓட்டிக் காட்டினார். சுக்கானோடு இணைந்த அந்த மோட்டாரைக் கழற்றி எடுக்கவும் இயலும். கமரன் வாட்டர்மன் என்னும் அமெரிக்கர் 1905இல் பெற்றோல் எஞ்சினொன்றை அவ்வாறே தொங்கவிட்டு டெட்ரொயிற் ஆற்றில் சோதித்தார். அதற்குச் சில ஆண்டுகளின் பின்னர், நோர்வேயிற் பிறந்து மில்வாக்கி நகரிற் குடியேறியிருந்த ஓலே எவின்ரூட் இதனைப் பெருவாணிபமாக்கினார். வெயிலில் ஐஸ்கிறீம் வாங்கத் துடுப்பு வலித்துச் சென்று, அது உருகிப்போன ஏமாற்றமே அவரைத் தூண்டியதென்று ஒரு கதை உண்டு. கதை இனிமையானது, அதற்குமேல் அதனை வற்புறுத்த வேண்டியதில்லை. 1909இல் அவர் விற்கத் தொடங்கிய இயந்திரம் ஒன்றரைக் குதிரைவலுவும் ஏறத்தாழ 62 இறாத்தல் நிறையும் கொண்டது. இரண்டு திருகு இறுக்கிகளால் எந்தப் படகின் பின்பலகையிலும் அதனைப் பூட்டலாம்.

இயந்திரம் அவ்வளவிலே நின்றிருந்தால் பின்பலகைக்குக் கேடு நேர்ந்திராது. ஆனால் 1958இல் ஐம்பது குதிரைவலு இயந்திரம் விற்பனைக்கு வந்தது. 1962இல் நூறு குதிரைவலு இயந்திரமும் வந்துவிட்டது. இயந்திரத்தின் தண்டு குறிப்பிட்ட நீளமுடையதாகையால் அதன் சுழல் விசிறி நீருக்குள் நிற்பதற்காகப் பலகையின் உயரத்தைக் குறைத்தனர். பதினைந்து அங்குலம் அல்லது இருபது அங்குலம் என்பதே வழக்கமான உயரமாயிற்று. படகின் பக்கங்கள் உயர்ந்திருக்க, பின்புறம் மாத்திரம் வாயில்போலத் திறந்து கிடந்தது.

இதன் ஆபத்து ஓட்டத்திலே புலப்படுவதில்லை. விரைந்து செல்லும் படகை ஒருவர் திடீரென நிறுத்தும்போது, படகு தானே எழுப்பிய அலை பின்தொடர்ந்து வந்து அந்த வாயிலால் உள்ளே பாயும். நங்கூரத்தைப் பின்புறத்திற் கட்டியவர்களுக்கும் இதே கதிதான். வெட்டுக்கு முன்னே ஒரு தொட்டியை அமைத்து, புகுந்த நீரை வெளியேற்ற முயன்றார்கள். சிற்றலைக்கு அது போதும், பேரலைக்குப் போதாது.

பின்னர் வந்த மாற்றுவழியே தாங்கி. பின்பலகையை முழு உயரத்துக்கு மீண்டும் அடைத்துவிட்டு, அதற்கு வெளியே, நீரின்மேல் நீண்டு நிற்கும் ஒரு பெட்டியை இணைத்து, அப்பெட்டியிலே இயந்திரத்தைத் தொங்கவிடுவது இம்முறை. 1980களில் அமெரிக்கக் கரையோரங்களில் இது பரவலாயிற்று. அலுமினியத் தாங்கிகள் கடைகளிற் கிடைத்தன, விலை கூடியவை. ஆகவே பழைய படகுகளை வைத்திருந்தோர் கண்ணாடி நாரிழையையும் பிசினையும் கொண்டு தம் வீட்டுக் கொட்டகைகளிலேயே தாங்கி செய்யலாயினர். ஒகையோ மாநிலத்தில் ரே கிறீன் 1942இல் கண்ணாடி நாரிழைப் படகொன்றைக் கட்டிய காலத்தில் அது புதுமை. நாற்பதாண்டுகளில் அது வீட்டுக் கைவேலையாகிவிட்டது.

நுரைப்பொருளாலோ ஒட்டுப்பலகையாலோ பெட்டியின் வடிவத்தைச் செய்து, அதன்மேல் நாரிழைத் துணியைப் பிசினில் தோய்த்துப் படலம் படலமாகப் போர்த்துவர். கூரிய மூலையில் நாரிழை மடியாது. உள்ளே காற்றுக்குமிழி தங்கிவிடும். ஆதலால் மூலைகள் யாவும் உருட்டப்படவேண்டும். ஒரே தடவையிற் கனமாகப் பூசினாற் பிசின் தன் வெப்பத்தாலேயே வெடிக்கும். உட்புறம் வெறுமையாகையால் பெட்டி நீரில் மிதந்து இயந்திரப் பாரத்தில் ஒரு பங்கைத் தானே சுமக்கும்.

இனி, கணக்கு. நானூறு இறாத்தல் இயந்திரம் பலகையிலிருந்து முப்பது அங்குலம் பின்னே தொங்குமாயின், அது ஆயிரம் அடி-இறாத்தல் திருப்புவிசையாகும். ஆழத்திலே விசிறி முன்னோக்கித் தள்ளுவதும் அதே திசையிற் சேர்கின்றது. தாங்கியின் கீழ்ப்பகுதி பலகையை அழுத்த, மேல்வரிசை ஆணிகள் வெளியே பிடுங்கப்படுகின்றன. படகு அலையில் எழுந்து விழும்போது இவ்விசை பன்மடங்காகும். எனவே ஆணிகள் பலகையை ஊடுருவிச் சென்று, உட்புறத்திலே அகன்ற தகட்டில் முடுக்கப்படவேண்டும். ஆணித் துளை சரியாக அடைபடாவிட்டால் நாரிழைத் தோல்களுக்கிடையே உள்ள ஒட்டுப்பலகையை நீர் மெல்ல உளுக்கச் செய்யும். வெளியே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

இலங்கையில் இவ்வரலாறு வேறு முனையிலிருந்து தொடங்கியது. கட்டுமரத்துக்குப் பின்பலகையே இல்லை. ஒரு எனப்படும் புறச்சட்டத் தோணியும் ஒடுங்கிய உடலுடையது. 1950களில் அரசாங்கமும் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனமும் மீன்பிடிக் கலங்களை இயந்திரமயமாக்க முற்பட்டபோது, இயந்திரத்தை எங்கே பூட்டுவதென்பதே முதல் வினாவாயிற்று. மரத்தாலான தாங்கி அதற்கொரு விடை. தட்டையான பின்புறமுடைய கண்ணாடி நாரிழைப் படகு மற்றொரு விடை. காரைநகரிலே நோர்வே உதவியுடன் எழுந்த சீநோர் படகுத்தளம் அத்தகைய படகுகளைக் கட்டியது.

2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவின் மீன்பிடிக் கலங்களிற் பெரும்பகுதியை அழித்தது. நன்கொடைப் பணத்தால் அவசர அவசரமாகக் கண்ணாடி நாரிழைப் படகுகள் கட்டப்பட்டன. அவற்றுட் பல தரங்குறைந்தவை என உணவு விவசாய நிறுவனம் கண்டது. படலங்கள் குறைந்திருந்தாலும் பூச்சு பளபளப்பாகவே இருந்தது. அப்படகுகளின் பின்பலகையிலே தொங்கிய இயந்திரத்தை நம்பித்தான் கடற்றொழிலாளர் கரை மறையுந் தூரம் சென்றனர்.