அரிய பாடலும் காத்திருக்கும் அவையும்: கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் நிகழ்ச்சி வரலாற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நெடுங்காலம் பாடப்படாதிருந்த ஒரு பாடலை இசைக்குழு மேடையில் எதிர்பாராது இசைக்கும்போது, அவையோர் பெருமகிழ்ச்சி கொள்வது ஏன்? அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழுவின் (1965–1995) நிகழ்ச்சிகளைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. அருமை என்பது பாடலின் இயல்பு அன்று; அவையோரின் பதிவும் நினைவும் அதனை உருவாக்குகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நேரடி இசை, ரசிகர் மரபு, ஒலிப்பதிவு, கூட்டு நினைவு, கிரேட்ஃபுல் டெட்

முன்னுரை

புகழ்பெற்ற பாடல்களைக் கேட்கவே மக்கள் இசை நிகழ்ச்சிக்குச் செல்கின்றனர் என்பது பொதுவான கருத்து. ஆயின் நெடுநாள் ரசிகர்களிடம் இதற்கு மாறான போக்கும் காணப்படுகிறது. பலரும் அறிந்த பாடலைவிட, என்றோ கைவிடப்பட்ட பாடலின் முதற்சுரங்களுக்கே அவர்கள் பேராரவாரம் செய்கின்றனர். இப்போக்கினைத் தெளிவாகக் காட்டும் வரலாறு கிரேட்ஃபுல் டெட் குழுவினுடையது. முப்பது ஆண்டுகளில் 2300-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை நடத்திய இக்குழு, ஒவ்வோர் இரவும் பாடல் வரிசையை மாற்றியமைத்தது. நாளை எது வரும் என்பதை எவரும் உறுதியாகக் கூற இயலாது. இந்த நிச்சயமின்மையே அரிய பாடல் தோன்றுவதற்கான முதல் நிபந்தனை.

ஒலிப்பதிவும் நாட்கணக்கும்

'டார்க் ஸ்டார்' என்னும் பாடல் 1968-இல் தனி இசைத்தட்டாக வெளிவந்தபோது மூன்று நிமிடங்களுக்கும் குறைவாகவே இருந்தது. 1969-இல் வெளிவந்த 'லைவ்/டெட்' தொகுப்பில் அதே பாடல் 23 நிமிடங்களாக விரிந்தது. இருமுறை ஒரே வடிவில் ஒலிக்காத இப்பாடல் 1970-களின் நடுப்பகுதியில் மேடையிலிருந்து மறைந்தது.

1978 டிசம்பர் 31 அன்று சான் பிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் இறுதி நிகழ்ச்சி நடைபெற்றது. அந்நகரில் 'டார்க் ஸ்டார்' கடைசியாக ஒலித்து 1535 நாட்கள் ஆயின என்று அறிவிக்கும் பதாகை ஒன்று அவ்வரங்கில் காணப்பட்டது. அப்பாடல் அங்கு முன்னர் இசைக்கப்பட்ட நாள் 1974 அக்டோபர் 18. இடைப்பட்ட நாட்களைக் கணக்கிட்டால் பதாகையின் எண் பிழையற்றது என்பது புலனாகும். அன்றிரவு பாடல் மீண்டும் ஒலித்தது.

இப்பதாகை சிறிய சான்றாயினும் பொருள் நிறைந்தது. பாடலின் இன்மையை யாரோ எண்ணிக்கொண்டிருந்தனர். அந்த எண்ணிக்கையின்றி அப்பாடல் 'அரிய பாடல்' ஆகியிராது. பாடப்படாத பாடல்கள் பலவாயினும், காத்திருப்போர் உள்ள பாடலே அரிதாகிறது.

இவ்வெண்ணிக்கைக்கு அடிப்படையாக அமைந்தவை ரசிகர்களின் ஒலிநாடாக்கள். நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வோருக்கென 1984 அக்டோபரில் குழுவே அரங்கில் தனியிடம் ஒதுக்கியது. ஒவ்வோர் இரவின் பாடல் வரிசையையும் தொகுத்துரைக்கும் 'டெட்பேஸ்' என்னும் நூல் 1987-இல் வெளிவந்தது. இயந்திரவழிப் படியெடுத்தல் கலைப்படைப்பின் ஒளிவட்டத்தை மங்கச் செய்கிறது என்று 1930-களில் வால்டர் பெஞ்சமின் வாதிட்டார். இங்கு நிகழ்ந்ததோ வேறு. படியெடுத்த நாடாக்களே நேரடி நிகழ்வின் மதிப்பை உயர்த்தின. பழைய இரவுகளைக் கேட்டுத் தேர்ந்த செவிகளே புதிய இரவின் தனித்தன்மையை உணர்ந்தன.

பெருமிதமா, பகிர்வா?

அரியதைக் கேட்டேன் என்னும் பெருமிதமே இம்மகிழ்ச்சிக்குக் காரணம் என்று ஒருவர் வாதிடலாம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. 1987-இல் 'டச் ஆஃப் கிரே' பாடல் பெருவெற்றி பெற்றபின் புதிய கூட்டம் திரண்டது. பழையோர் தம்மை வேறுபடுத்திக்கொள்ள அரிய பாடலறிவு உதவியிருக்கக்கூடும். 1989 அக்டோபர் 8, 9 ஆகிய நாட்களில் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் நகரில் இக்குழு 'முன்னாள் வார்லாக்ஸ்' என்ற பெயரில் இசைத்தது. வார்லாக்ஸ் என்பது 1965-இல் குழு கொண்டிருந்த பெயர். அதன் பொருளறிந்தோர்க்கு அதுவே அழைப்பாயிற்று. இரண்டாம் இரவில், 1984 ஜூலைக்குப் பின் முதன்முறையாக 'டார்க் ஸ்டார்' ஒலித்தது.

எனினும் பெருமிதம் மட்டுமே காரணமாயின் இரு செய்திகளை விளக்க இயலாது. முதலாவது, நாடாக்களைப் பணம் பெறாமல் படியெடுத்துப் பரிமாறிக்கொள்வதே ரசிகர்களின் வழக்கமாக இருந்தது. தனக்கு மட்டுமே உரியதாக்க விழைவோர் இவ்வாறு பகிர்ந்தளிப்பதில்லை.

இரண்டாவது, 'அன்புரோக்கன் செயின்' பாடலின் வரலாறு. 1974-இல் 'ஃப்ரம் த மார்ஸ் ஹோட்டல்' தொகுப்பில் இடம்பெற்ற இப்பாடலைக் குழு இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேடையில் இசைக்கவேயில்லை. 1995 மார்ச் 19 அன்று பிலடெல்பியாவில் முதன்முறையாக இசைத்தது. முன்னரே மேடையில் கேட்டவர் எவரும் அவையில் இருந்திருக்க இயலாது. மூத்தோர், இளையோர் என்ற வேறுபாடு அக்கணத்தில் பொருளிழந்தது. தட்டில் மட்டுமே வாழ்ந்த பாடல், தன்னை இயற்றிய ஃபில் லெஷின் குரலில் உயிர்பெறுவதை அனைவரும் ஒருங்கே முதன்முதலாகக் கேட்டனர். இங்கு மகிழ்ச்சியின் ஊற்று முன்னுரிமை அன்று. காத்திருப்பு நிறைவேறுவதே ஆகும்.

இக்காத்திருப்புக்குக் கால எல்லையும் உண்டு. 1995 ஜூலை 9 அன்று சிகாகோவில் இப்பாடல் மீண்டும் ஒலித்தது. அதுவே குழுவின் இறுதி நிகழ்ச்சி என்பதை அன்று எவரும் அறியார். ஆகஸ்டு 9 அன்று ஜெர்ரி கார்சியா மறைந்தார். அந்த மார்ச் மாத இரவு வாய்த்திராவிடின், கார்சியா உடனிருக்க இப்பாடல் மேடையேறும் வாய்ப்பு சில மாதங்களில் என்றென்றைக்குமாக அற்றுப்போயிருக்கும். அரிய பாடலின் மகிழ்ச்சிக்குள் இழப்பின் அச்சம் உறைந்திருப்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முடிவுரை

மாறும் பாடல் வரிசை, அதனைப் பதிவு செய்து காக்கும் ரசிகர்கள், மீண்டும் வாராமற்போகலாம் என்னும் அச்சம் ஆகிய மூன்றும் கூடும்போதே ஒரு பாடல் அரியதாகிறது. புகழ்பெற்ற பாடலை ரசிகர்கள் எதிர்பார்த்துப் பெறுகின்றனர். அரிய பாடலிலோ தம் நெடுநாள் நினைவுக்கு மேடையிலிருந்து மறுமொழி வந்ததாக உணர்கின்றனர். எனவே இசை வரலாற்றை ஆராய்வோர் பாடப்பட்டவற்றோடு பாடப்படாத காலங்களையும், அக்காலங்களை எண்ணிக் காத்த பெயரறியா ரசிகர்களையும் சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும்.